இரண்டு தட்டு, அப்புறம் ஒன்று

பேனா சும்மா இருந்தது. அதுதான் முவல்லாவுக்கு முதலில் பிடிக்கவில்லை.

மலைச்சரிவில் இருந்த அந்தச் சின்ன நிலநடுக்க நிலையத்தில், உருளையில் சுற்றிய தாளின் மேல் அந்தப் பேனா ஒருநாளும் நேர்கோடு போட்டதில்லை. சாலையில் லாரி ஓடும், சிமெண்ட் ஆலை உறுமும், கீழே கடல் புரளும். எல்லாம் நிலவறையில் இருக்கும் கருவிக்குக் கேட்கும், பேனாவும் ஓயாமல் கிறுக்கிக்கொண்டே இருக்கும். கிறுக்கலைவிடச் சின்ன அதிர்வு எது வந்தாலும் அதற்குள்ளேயே அமுங்கிப்போகும். ஆனால் இன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஞாயிறு. துருக்கி முழுக்க, சாயங்காலம் சங்கு ஊதுகிற வரை யாரும் வாசல் தாண்டக்கூடாது. லாரி இல்லை, ஆலை இல்லை, கடல்கூட அசையவில்லை. தாளில் மயிரிழை மாதிரி ஒரு கோடு.

தலைமை அலுவலகத்திலிருந்து ஜெவாத் அண்ணன் காலையிலேயே போன் செய்திருந்தார். "இந்த மாதிரி நாள் இனி எப்பம்மா வரும்? கருவியோட காதை முழுசாத் திறந்து விடு. இதுவரைக்கும் தப்பிச்ச குட்டி நடுக்கமெல்லாம் இன்னைக்கு மாட்டும்."

திறந்து விட்டாள். அப்போதுதான் அது வந்தது. இரண்டு தட்டு. கொஞ்சம் இடைவெளி. அப்புறம் ஒன்று.

ஃபிரிட்ஜாக இருக்கும் என்று பிளக்கைப் பிடுங்கினாள். பாய்லரை அணைத்தாள், அறையைச் சூடாக்கச் சுவரோரம் ஓடிய வெப்பக் குழாய்கள் டக் டக்கென்று ஆறி அடங்கின, துருவும் ஈரச் சாம்பலும் கலந்த வாடை அறைக்குள் ஏறியது. சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக்கூடக் கழற்றினாள். செருப்பை உதறிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொன்றாக நிறுத்த நிறுத்தக் கோடு இன்னும் மெலிந்தது, தட்டல் மட்டும் இன்னும் தெளிவானது.

இரண்டு. ஒன்று.

அந்தத் தட்டல் அவளுக்குத் தெரியும்.

போன வருஷம் வரை அவளும் தங்கை சுக்ரானும் ஒரே அடுக்குமாடியில் இருந்தார்கள், இவள் மேலே, அவள் நேர் கீழே. யார் வீட்டில் டீ கொதித்தாலும் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஓடிய வெப்பக் குழாயில் கரண்டியால் இரண்டு தட்டு, அப்புறம் ஒன்று: டீ ரெடி, வா. மற்றவள் ஒரே ஒரு தட்டு தட்டுவாள்: வரேன். பெரிய நிலநடுக்கம் வந்த இரவு இவள் இங்கே வேலையில் இருந்தாள். கட்டடம் அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. மீட்புக்காரர்கள் சத்தம் கூடாதென்று கையைத் தூக்கியதும் தெருவே வாயடைத்து நின்றது. "என் குரல் யாருக்காவது கேக்குதா?" என்று குழிக்குள் கூப்பிட்டார்கள். உள்ளேயிருந்து யாராவது தட்டினால் அதே மாதிரி திருப்பித் தட்டுவார்கள், கேட்டுவிட்டது என்று சொல்ல. ஆனால் எதிரே கூடார ஆஸ்பத்திரியின் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த முடியாது, உள்ளே பிள்ளைகள் கிடந்தார்கள். அந்த உறுமலில் எதுவுமே கேட்கவில்லை. இயந்திரம் வந்து எல்லாவற்றையும் வாரியது. சுக்ரான் கிடைக்கவே இல்லை. அவள் தட்டினாளா? அந்த ஒரு கேள்விதான் முவல்லாவை இன்றுவரை தூங்க விடவில்லை.

பேனா துள்ளியது. தொப். தொப். தொப். காலடி. யாரோ ஏறி வருகிறார்கள். கதவு தட்டப்பட்டபோது அவள் அலறியே விட்டாள்.

கணக்கெடுக்க வந்த பள்ளிக்கூட வாத்தியார் ரிஃப்கி. "என்னக்கா இது, வாத்தியாரைப் பாத்தா பசங்கதான் அலறுவாங்க!"

"நீங்க வர்றது முன்னாடியே தாள்ல விழுந்துடுச்சு."

"அட! அப்ப என் எடையும் தெரிஞ்சிருக்குமே, வெளிய சொல்லிடாதீங்க. சரி, இங்க எத்தனை பேரு?"

"நான்... நான் ஒருத்திதான். இருங்களேன் தம்பி, ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க."

"இன்னும் மேல்தெரு முழுக்க பாக்கியிருக்குக்கா."

அவன் இறங்கிப்போவதையும் பேனா எழுதியது. சின்னதாகி, சின்னதாகி, நின்றது. அதன் அடியில்: இரண்டு. ஒன்று.

ஒவ்வொரு தட்டலுக்கும் பின்னால் ஒரு வால் இருந்தது. முதல் அலை வேகமாக ஓடி வரும், இரண்டாவது பின்தங்கி வரும். நடுவில் எவ்வளவு இடைவெளியோ அவ்வளவு தூரம். அளந்து பார்த்தாள். கீழ் ஊர். அவர்கள் குடியிருந்த கட்டடம் நின்ற இடத்துக்குச் சரியாக அதே தூரம்.

பைத்தியமாடி உனக்கு, இத்தனை நாள் கழித்து மண்ணுக்குள் யார் இருப்பார்கள் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கை கேட்கவில்லை. இன்னொரு தடவை பதில் இல்லாமல் விட அவளால் முடியாது. டீக்கரண்டியை எடுத்து, மீட்புக்காரர்கள் செய்த மாதிரியே, கேட்டதை அப்படியே குழாயில் திருப்பித் தட்டினாள்.

இரண்டு. ஒன்று.

பேனா நின்றுவிட்டது. அந்த அமைதியில்தான் அவளுக்கு உறைத்தது. ஐயோ. மீட்புக்காரனுக்குத்தான் அது 'கேட்டுவிட்டது'. அவர்கள் இருவருக்கும் அது வேறு. டீ ரெடி, வா. கூப்பிட்டுவிட்டாள். எதை?

ஒரே ஒரு தட்டு.

வரேன்.

அப்புறம் தொப். வால் கிட்டத்தில். தொப். இன்னும் கிட்டத்தில். இடைவெளி பாதியானது. கால்வாசி. வாத்தியார் ஏறி வந்த அதே நடை, ஆனால் பாதைமேல் யாரும் இல்லை. மண்ணுக்கு அடியில். தொப். தாளில் இடைவெளி ஒரு அரிசி அளவு. அரை அரிசி.

சங்கு ஊதியது.

ஊரே வெடித்துக்கொண்டு வெளியே வந்தது. கதவுகள், கார் ஹாரன்கள், பிள்ளைகளின் கூச்சல், லாரிகள். பேனா வெறிபிடித்து இரண்டு பக்கமும் அடித்தது, தாள் கறுத்தது, காலடி அதற்குள் அமுங்கிப்போனது. எவ்வளவு கிட்டே? தெரியவில்லை. அவள் ஜன்னலைத் திறந்து ஊரைப் பார்த்துக் கத்தினாள்.

"சும்மா இருங்க! ஒரு நிமிஷம் எல்லாரும் சும்மா இருங்க!"

யாருக்கும் கேட்கவில்லை.

ஜன்னலடியில் அவள் பற்றியிருந்த, ஆறிக் கிடந்த குழாய் உள்ளங்கைக்குள் ஒருமுறை அதிர்ந்தது. நிலவறைக் கதவின் அடியிலிருந்து இடிந்த சுவரின் வெள்ளைத் தூசி மெல்ல வெளியே ஊதியது. உள்ளே இழுத்துக்கொண்டது. மறுபடி ஊதியது.