மறுபக்கத்துத் தையல்

வாடகைக்கு வந்த அந்த வீடு பழசுதான். சுவரில் காரை பெயர்ந்திருந்தது, மூலையெல்லாம் ஈர வாடை. ஆனால் படுக்கையறையில் தெருவைப் பார்த்தபடி ஆள் உயரத்துக்கு ஒரு ஜன்னல் இருந்தது. அவள் தன் கணவனின் கட்டிலை அதற்கு எதிரே போட வைத்தாள்.

ஊர் ஊராக லாரி ஓட்டிய மனுஷன். பக்கவாதம் வந்து கை கால் விழுந்து, பேச்சும் போய்க் கிடந்தார். மிச்சமிருந்தது கண் மட்டும். ஒரு தடவை மூடித் திறந்தால் ஆமாம், இரண்டு தடவை என்றால் இல்லை. புருஷன் பெண்டாட்டி பேச்சு அதோடு சரி.

ஜன்னலுக்கு மலிவாக ஒரு ரெடிமேட் திரை வாங்கி வந்து மாட்டினாள். பார்க்க வந்த அக்கா வாய்விட்டுச் சிரித்தாள்.

"என்னடி இது, சர்க்கஸ் கூடாரத்தைக் கிழிச்சு எடுத்துட்டு வந்தியா? தரையெல்லாம் பெருக்குது!"

"பெருக்குற வேலை மிச்சம்னு வச்சுக்கோயேன். மடிச்சுத் தச்சா சரியாப் போயிடும்க்கா."

மறுநாளே மடித்துத் தைத்தாள். ஒரேயடியாக மடித்துவிட்டாள் போல. திரை தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது.

அன்றிலிருந்து அவர் கண்ணில் தண்ணீர் வழிவது நிற்கவில்லை.

"வெளிச்சம் கூசுதாங்க?"

இரண்டு தடவை மூடினார். கூசாமலா இப்படிக் கொட்டுகிறது என்று நினைத்தாள். பழைய போர்வையை வெட்டித் திரையின் பின்பக்கம் உள்துணியாக வைத்துத் தைத்தாள். அறை இருண்டது. அவருக்கு மூச்சு இரைத்தது. பாலைப் புகட்டினால் கடைவாயில் வழிந்தது. பார்வை மட்டும் திரைக்கும் தரைக்கும் நடுவில் இருந்த அந்த இடைவெளியை விட்டு நகரவில்லை.

தெருத் தூசு அந்த வழியாக வருகிறது போல என்று எண்ணிக்கொண்டாள். ஒரு நீலத் துணியைப் பட்டையாகக் கிழித்தாள். திரையைக் கழற்றி மாட்டச் சோம்பல்பட்டு, தொங்கியபடியே அடியில் வைத்துக் கையால் தைக்க உட்கார்ந்தாள்.

மத்தியானம். தெருவில் அரவமில்லை. ஊசியைக் குத்தி அந்தப் பக்கம் தள்ளுவாள், திரைக்குப் பின்னால் கைவிட்டு இழுப்பாள், திருப்பிக் குத்துவாள். பாதித் தூரம் வந்திருப்பாள். ஊசியைத் தள்ளிவிட்டு, கழுத்தில் வழிந்த வியர்வையைத் துடைத்தாள்.

நூல் தானாக உள்ளே போனது.

மெதுவாக, கடைசிவரை, இறுக இழுபட்டது.

பிறகு ஊசி முனை துணியைத் துளைத்துக்கொண்டு அவள் பக்கம் வெளியே வந்தது. அவள் போடும் தையலின் அதே அளவு இடைவெளியில். அவள் எடுத்துக்கொள்ளட்டும் என்பதுபோல நின்றது.

துணியின் அந்தப் பக்கத்திலிருந்து மூச்சின் சூடு அவள் விரலில் பட்டது.

பின்னாலேயே நகர்ந்து கட்டிலில் முதுகு முட்டியதும் நின்றாள். திரும்பிப் புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"அங்க... யாராவது இருக்காங்களா?"

ஒரு தடவை.

"ஜன்னலுக்கு வெளியவா?"

இரண்டு தடவை.

"திரைக்குப் பின்னாலயா?"

ஒரு தடவை.

"இத்தனை நாளும் அதைத்தான் பார்த்துட்டுக் கிடந்தீங்களா? ஐயோ, நான் வெளிச்சம் வெளிச்சம்னு..."

ஒரு தடவை. கண்ணீர் காதோரம் இறங்கியது.

அவரைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். கல்லாய்க் கனத்தார். இரண்டு பேர் இல்லாமல் அவரை நகர்த்தவே முடியாது. அக்காவுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, உடனே வா. எதுவும் கேக்காத, வா."

"பதறாதடி. பஸ் பிடிச்சு வர வேண்டாமா? வந்துடறேன்."

அவரை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. எழுந்து போய், திரையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கம்பியோடு பெயர்ந்து விழுந்தது. பின்னால் ஒன்றுமில்லை. கண்ணாடி, அதற்கு வெளியே வெயில் காயும் வெறும் தெரு. துணியை அப்படியே சுருட்டி வாசலில் எறிந்துவிட்டு ஓடிவந்தாள். அறை முழுக்க வெளிச்சம்.

கட்டிலருகே மண்டியிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போயிடுச்சாங்க?"

இரண்டு தடவை.

"வாசல்ல நிக்குதா?"

இரண்டு தடவை.

"கட்டிலுக்கு அடியிலயா?"

இரண்டு தடவை. அவர் பார்வை அவள் முகத்தில் இல்லை. அவள் தலைக்குச் சற்று மேலே இருந்தது. அங்கிருந்து, எதுவோ குனிவதைப் பார்ப்பதுபோல, மெல்லக் கீழே இறங்கியது.

கேட்க இன்னும் ஒரு இடம்தான் மிச்சம்.

"என் பின்னாலயாங்க?"

அவர் கண்ணை மூடினார்.

அக்கா வந்து கதவைத் தட்டும்வரை அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. அவளும் திரும்பிப் பார்க்கவில்லை.