மாமனாரின் ஹார்ன்

ஹார்னின் வாயிலிருந்து மூக்குப்பொடி வாசனை வந்தது. உள்ளே குளவி கட்டியிருந்த மண்ணை ஸ்குருடிரைவரால் சுரண்டிக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தி, மறுபடியும் முகர்ந்து பார்த்தான். துருவும் பழைய கிரீஸும் நாற வேண்டிய இடத்தில், இப்போதுதான் யாரோ ஒரு சிட்டிகை எடுத்து உறிஞ்சியதுபோல, மூக்கின் உச்சிவரை ஏறும் காரமான நெடி. மாமனாரின் நெடி.

"செத்தும் தும்ம வைக்கிறாரு மனுஷன்" என்று முணுமுணுத்துவிட்டு மண்ணைத் தட்டினான்.

தெருவில் எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளைதான். பெண்டாட்டி வீட்டோடு வந்து ஒட்டிக்கொண்டவனுக்குச் சொந்தப் பெயர் எதற்கு? மாமனார் அப்படிக்கூடக் கூப்பிட்டதில்லை. அந்தப் பழைய ஜீப்பை கேட்டுக்கு எதிரே நிறுத்தி ஹார்ன் அடிப்பார், நீட்டி ஒன்று, வெட்டி இரண்டு. வரும்போதும் அடிப்பார், கிளம்பும்போதும் அடிப்பார். சோற்றில் கை வைத்திருந்தாலும் தலையில் சோப்பு நுரை இருந்தாலும் இவன் ஓடிப்போய்த் திறக்க வேண்டும். திறந்தவனை அவர் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

அவர் கண்ணை மூடிய வாரமே ஹார்னும் ஊமையாகிவிட்டது. அது ஊமையான இரவு அவன் நிம்மதியாகத் தூங்கினான். இப்போது அந்தச் சனியனை அவனே பேசவைக்க வேண்டியிருந்தது. ஜீப்பை வாங்க நாளை வருகிறவர், ஹார்ன் உட்பட எல்லாம் வேலை செய்தால்தான் எடுப்பேன் என்று சொல்லிவிட்டார். ஜீப் போனால் வேறு ஊரில் தனி வீடு, அவனும் மனைவியும் மட்டும். அவளும் ஒருவழியாகச் சரி என்றிருந்தாள். இது தவறினால் ஆயுசுக்கும் இந்த வீட்டுக் காவல்காரன்தான்.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, ஹார்னைப் பொருத்தி, ஒயரை மாட்டி, மனைவியைக் கூப்பிட்டான்.

"கொஞ்சம் ஏறி உக்காரேன். சொல்றப்ப அமுக்கு."

ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி அவள் ஏறினாள். சீட்டு ஸ்பிரிங் கிறீச்சென்றது. தூக்கி நிறுத்திய பானெட் இருவருக்கும் நடுவில் சுவர்போல மறைத்தது.

"ம், அமுக்கு."

லேசாகக் கரகரத்தது. ஸ்குருவைக் கொஞ்சம் திருகினான். ஸ்பிரிங் மறுபடியும் கிறீச்சிட்டது, இந்த முறை நெடுநேரம். டிரைவர் பக்கம் ஜீப் மெதுவாகச் சாய்ந்து இறங்கியது, கனத்த ஆள் ஒருவர் ஏறினாற்போல.

ஹார்ன் அலறியது. நீட்டி ஒன்று. வெட்டி இரண்டு.

"ஏய், அப்படி அடிக்காதே."

மறுபடியும் அதே அழைப்பு. பேட்டரி ஒயரைப் பிடுங்கினான். ஒயர் அவன் கையில் இருந்தது. ஹார்ன் அடித்தது.

சுற்றி ஓடினான்.

அவள் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை ஹார்ன் பட்டன்மேல். புறங்கையில் நான்கு பள்ளங்கள். ரத்தமின்றி வெளுத்து, விரல் தடிமனில். விரல்கள் இல்லை. பள்ளங்கள் மட்டும்.

"அப்பா கையை எடுக்க மாட்டேங்குறாருங்க." சின்னப் பெண்ணின் குரல். "போய்த் தொறந்துடுங்களேன். வலிக்குது."

மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. பள்ளங்கள் ஆழமாயின. எலும்பு நெரிந்தது. அவள் வீறிட்டாள்.

ஓடினான். தாழ்ப்பாளை இழுத்தான். கேட்டை அகலத் திறந்தான்.

ஹார்ன் நின்றது.

"எறங்கு! எறங்கிடு!" என்று கத்தினான்.

சரளைக்கல் நொறுங்கும் சத்தம். என்ஜின் சத்தம் இல்லை. தூக்கிய பானெட்டோடு ஜீப் அவனை நோக்கி வந்தது. அதற்குப் பின்னாலிருந்து, "என்னங்க... என்னங்க..."

பாய வேண்டும், அவளைப் பிடித்து இழுக்க வேண்டும் என்று மனம் கத்தியது. உடம்பு கேட்கவில்லை. ஒதுங்கியது. தலை குனிந்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது.

ஜீப் அவனைக் கடந்தது. அவள் சீட்டில் இல்லை. சீட்டுக்கு ஒரு சாண் மேலே, கால்கள் தொங்க, யார் மடியிலோ உட்கார்ந்திருந்தாள். ஸ்டியரிங் தானாகத் தெருப்பக்கம் திரும்பியது. அவள் மட்டும் அவனைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அவன் கைகள் கேட்டைச் சாத்தின.