அண்ணன் குடித்த தீர்த்தம்

மழை பிடித்துக்கொண்டால் காட்டாறு பொங்கிக் குகையை மூடிவிடும். பிறகு அடுத்த கோடை வரை உள்ளே தலைகாட்ட முடியாது. அதற்குள் குகையிலிருக்கும் வெண்கல நந்தியைக் கண்டுபிடித்து அருங்காட்சியகத்தில் சேர்த்துவிட வேண்டும் என்று கம்போடியக் காட்டுக்குள் கால் வைத்தாள் அல்லி. முன்னால் உள்ளூர் வழிகாட்டி ரித்தி, பின்னால் அண்ணன் செங்கோடன்.

செங்கோடன் லேசுப்பட்ட ஆள் இல்லை. கொசுவலை, மாத்திரை, சோப்பு என்று ஊரிலிருந்தே மூட்டை கட்டியவன். பல் துலக்கக்கூடக் கொதித்து ஆறிய தண்ணீர்தான்! ஆனால் ஓடைப் பாறையில் வரிசையாகச் செதுக்கிய லிங்கங்களைக் கண்டதும் அத்தனையும் மறந்துபோயிற்று. லிங்கத்தின் மேல் வழிந்த நீரைக் கைநிறைய ஏந்திக் குடித்தான்.

"அண்ணே! துப்பு!"

"தீர்த்தம்மா இது. சாமி மேல பட்ட தண்ணி என்ன பண்ணப் போகுது?"

சாமி ஒன்றும் பண்ணவில்லை. மேலே ஓடையில் புரண்டுகொண்டிருந்த எருமைகள்தான் பண்ணின.

மறுநாள் விடியும்போதே வாந்தி, வயிற்றுப்போக்கு. கண்கள் உள்ளே போயிருந்தன. குகையோ எதிர் மலையில், கண்ணுக்கெட்டிய தூரத்தில்!

"நீ போ அல்லி. நான் இங்கயே படுத்திருக்கேன்."

அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. வருடக்கணக்கான உழைப்பு. அண்ணனின் புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளியது கிள்ளியபடியே நின்றது. உடம்பில் நீர் வற்றிப்போயிருந்தது.

"ரித்தி, திரும்புறோம்!"

மூங்கிலில் தூளி கட்டிச் சுமந்தார்கள். நிற்கும் இடமெல்லாம் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆற்றி, உப்பும் சர்க்கரையும் கரைத்து மடக்கு மடக்காகப் புகட்டினாள் அல்லி.

"இந்தச் சரிவுல இறங்கினா பாதி தூரம் மிச்சமாகுமே!" என்றாள்.

ரித்தி மரத்தில் தொங்கிய சிவப்பு மண்டையோட்டுப் பலகையைக் காட்டினான். "பழைய போரின் கண்ணிவெடிகள். அவசரப்பட்டு இறங்கியவர்கள் திரும்பியதில்லை."

பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றுவழியிலேயே நடந்தாள். மருத்துவமனையை அடைந்தபோது மழை கொட்டத் தொடங்கியிருந்தது.

குளுக்கோஸ் ஏறி, கண் திறந்த செங்கோடன் ஜன்னலைப் பார்த்து அழுதான். "என்னால நந்தி போச்சே!"

"அது ஆயிரம் வருஷமா காத்துக்கிட்டிருக்கு. இன்னும் ஒரு வருஷம் இருக்கும். நீ ஒரு ராத்திரி தாங்கியிருக்க மாட்டே."

அடுத்த கோடையில் மூவரும் அந்த நந்தியைக் கண்டுபிடித்தார்கள். குகைக்குள் முதலில் நுழையும் பெருமையை அல்லி யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள் என்றுதான் ரித்தி நினைத்தான். அவள் ஒதுங்கி நின்று அண்ணனை முன்னால் விட்டாள்.