பத்தடி பின்னால்

"வண்டிய பத்தடி பின்னால எடுங்க."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று இன்சூரன்ஸ் கிளை மேலாளர் சுடர்விழியிடம் இரண்டு முறை சொல்லி அனுப்பியிருந்தார். யுத்த காலத்து ராணுவ வண்டி, டாங்கி மாதிரி இரும்புச் செயினில் ஓடுவது. இழப்பை மதிப்பிடப் போகும் சர்வேயர் சொல்லி நகர்த்தி ஏதாவது உடைந்தால் அந்த ஒரு துண்டுக்காக ஊர் ஊராகப் பழைய இரும்புக் கடை ஏற வேண்டும். நின்ற இடத்தில் பார், விலை போடு, கையெழுத்துப் போடு, கிளம்பு.

பட்டறை முதலாளி ஆவுடையப்பன் சிரித்தார். "செயின் திருடு போச்சுன்னு கிளெய்ம் போட்டிருக்கேன். அதுக்கு வெலை போடத்தான் வந்தீங்க. வண்டிய எதுக்கும்மா நகத்தணும்?"

அன்று காலையில் அலுவலகம் திறக்கும் முன்பே மீனம்மாள் வாசலில் நின்றிருந்தாள். அந்தப் பட்டறையில் வேலை செய்த மூக்கனின் மனைவி. காணாமல் போன செயினோடு காணாமல் போனவன் மூக்கன்.

"நீங்க கையெழுத்துப் போட்டா எம்புருசன் திருடன்னு ஆயிரும்லங்க?" என்றாள். "செவ்வாக்கெழம தூக்குச்சட்டியோட போனாரு. குழிக்குள்ள எறங்கி வண்டியோட அடிப்பக்கம் பாக்கணும், வர லேட்டாகும்னாரு. பத்து நாளாச்சு. வீட்டுல அரிசி ஏத்திவிடவே இடுப்பு வலிக்குதும்பாரு, அவரு ரெண்டு செயினத் தூக்கிட்டு ஓடுனாராம்!"

"போலீசு என்ன சொல்லுது?"

"எங்கயாச்சும் சொகமா இருப்பான், வந்துருவான்னு சிரிக்கிறாங்க."

சுடர்விழி சிரிக்கவில்லை. 'முதல் பட்டதாரி' சான்றிதழைக் காட்டிப் பொறியியல் படித்தவள். ஏழை காணாமல் போனால் அவன்தான் திருடன் என்று முடிவு கட்டும் கணக்கு அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

குளத்தூரைத் தாண்டி, செம்மண் பொட்டலுக்கு நடுவே தகரக் கூரை போட்ட பட்டறை. உடன் வந்தவர் செம்மல். போக்குவரத்துக் கழகப் பணிமனையில் முப்பது வருடம் பஸ் கழற்றிவிட்டு, ஓய்வுக்குப் பிறகு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் உதவிக்கு இருப்பவர். இரும்பைக் கண்டால் அவருக்கு வயது இருபது குறையும்.

"பாத்தும்மா, மிதிச்சிராத! கழிப்புப் பழம்." செம்மல் சுற்றிக்கொண்டு போனார். தரையில், ஐந்தடி இடைவெளியில், இரண்டு எலுமிச்சம்பழம். தட்டையாக நசுங்கி, குங்குமம் ஒட்டிக் காய்ந்து கிடந்தன. திருஷ்டி கழித்த பழத்தை யாரும் தொட மாட்டார்கள். பெருக்குகிறவர்களும் அதை விட்டுவிட்டுத்தான் பெருக்கியிருந்தார்கள்.

அவற்றுக்குப் பத்தடி முன்னால் வண்டி நின்றது. மேலே திறந்த பச்சை இரும்புத் தொட்டி. கீழே புத்தம்புதுச் செயின், ரப்பர் வைத்தது. வண்டிக்கு அடியில் சிமென்ட் தரை மற்ற இடத்தைவிட வெளுத்திருந்தது. பினாயில் வாடை மூக்கில் ஏறியது.

ஆவுடையப்பன் தடுமாறாமல் சொன்னார். "செவ்வா ராத்திரி மூக்கன் ரெண்டு செயினையும் கழட்டி மினி லாரில ஏத்திட்டான். புதன்கெழம ஆயுத பூசைக்கு வந்து பாக்குறேன், வண்டி மொட்டையாக் கட்டைமேல நிக்குது. வெள்ளிக்கெழம புதுச் செயின் வந்துச்சு. நின்ன எடத்துலயே மாட்டுனோம். அதுக்கப்புறம் ஒரு அங்குலம் நகத்தல." புதுச் செயின் வந்த லாரி ரசீதையும் நீட்டினார். தேதி சரியாக இருந்தது.

"பழைய செயின்ல மிச்சம் ஏதாச்சும் இருக்கா? பாக்காம வெலை போட முடியாது."

உபரியாக வாங்கியிருந்த ஒரே ஒரு கண்ணியைக் கொண்டுவந்தார். 1943 வார்ப்பு. அடிப்பக்கம் நடுவே விரல் பருமனில் குறுக்காக ஒரு மேடு. செம்மல் அதைக் குழந்தையைப் போல் வாங்கினார். "ஒரிஜினலும்மா! துவாரம்கூடத் தேயல. இதுக்குச் சொல்றதுதான் வெலை."

சுடர்விழி ஒரு மணி நேரம் அளந்தாள், படம் எடுத்தாள். போனில் எதையோ அனுப்பினாள். பிறகுதான் வண்டியைப் பத்தடி பின்னால் எடுக்கச் சொன்னாள்.

"முடியாதும்மா," என்றார் ஆவுடையப்பன். சிரிப்பு போயிருந்தது. "உங்க மேனேஜர்ட்ட பேசவா? படிச்ச திமிரு வேற எடத்துல காட்டுங்க."

"பேசுங்க." அவள் திரும்பிப் போய்க் குனிந்து, ஒரு பழத்தைக் கையால் எடுத்தாள்.

"ஏய் பாப்பா!" செம்மல் அலறினார். கேட்டில் நின்ற காவலாளி திருப்பதி ஓரடி பின்வாங்கினார்.

"அந்தக் கண்ணியக் குடுங்க சார்." காய்ந்த தோலின் நடுவே குறுக்காக ஒரு பள்ளம். அவள் கண்ணியை அதன்மேல் வைத்தாள். மேடு பள்ளத்தில் அச்சாக உட்கார்ந்தது.

செம்மலின் வாய் திறந்தது. "ரப்பர் செயின் ஏறுனா இந்த அச்சு விழாதே!"

"விழாது. பூசைக்குத்தான் பழம் வைப்போம், அதுமேல வண்டிய ஏத்தி எடுப்போம். ரெண்டு பழத்துக்கும் நடுவுல உள்ள தூரம் இந்த வண்டியோட அகலம். அப்ப புதன்கெழம வண்டி மொட்டையா நிக்கல. பழைய செயின்லயே பத்தடி முன்னால போயிருக்கு. செவ்வாக்கெழம திருடு போன செயின்ல, புதன்கெழம எப்படிங்க ஓட்டுனீங்க?"

ஆவுடையப்பன் வண்டிக்கும் அவளுக்கும் நடுவே வந்து நின்றார்.

"பூசைக்கு எல்லாருக்கும் லீவு, எனக்குங்கூட," என்றார் திருப்பதி மெதுவாக, யாரிடமும் இல்லாமல். "திரும்பி வந்தா குழியக் காணோம். அங்கிட்டு வண்டி நிக்குது."

"மூக்கன் எறங்குன குழி," என்றாள் சுடர்விழி. "அதுமேல நாலு டன் இரும்பக் கொண்டாந்து நிறுத்தப் போனவருக்கு, பூசை நாளும் அதுவுமா, பழம் வைக்காம வண்டி எடுக்கக் கை வரல. வச்ச பழத்தத் தொட்டு எடுக்கவும் பயம். அப்புறம் வண்டியக் கட்டைமேல ஏத்தி, செயினக் கழட்டிக் குழிக்குள்ள போட்டு, மேல சிமென்ட் பூசியிருக்காரு. மூக்கன் எப்படிச் செத்தாருன்னு எனக்குத் தெரியாது. எங்க இருக்காருன்னு தெரியும்."

தகரக் கூரை வெயிலில் டப்பென்று ஒருமுறை தெறித்தது.

"ஒனக்கு இந்த வேலை இருக்காதும்மா," என்றார் ஆவுடையப்பன் அடங்கிய குரலில். "ஒரு கையெழுத்து. பேசாமப் போட்டுட்டுப் போயிரு."

"இருக்காதுன்னு தெரிஞ்சுதான் கேட்டேன். படமெல்லாம் அப்பவே ஸ்டேஷனுக்கு அனுப்பிட்டேன். நகத்த மாட்டேன்னு நீங்க சொல்றதக் கேக்க ஒரு சாட்சி வேணும்ல? செம்மல் சார் கேட்டுட்டாரு."

"கேட்டேன்," என்றார் செம்மல். கையில் இருந்த கண்ணியை அவர் கீழே வைக்கவில்லை.

"திருப்பதி, கேட்டச் சாத்துய்யா!"

திருப்பதி கேட்டைப் பார்த்தார். வெளுத்த சிமென்டைப் பார்த்தார். கேட்டின் இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டு விலகி நின்றார்.

கையெழுத்து இல்லாத படிவத்தை வண்டியின் மூக்கில் வைத்துவிட்டு சுடர்விழி நடந்தாள்; செம்மல் கண்ணியோடு பின்னால் வந்தார். அவர்களோடு வந்து வெளியே ரோட்டோரம் காத்திருந்த மீனம்மாள் எழுந்தாள். அவள் கண் சுடர்விழியின் முகத்துக்குப் போகவில்லை, பழம் இருந்த கைக்குப் போனது.

"ஐயோ, அதத் தொடக் கூடாதுங்க!"

சுடர்விழி விரல்களை மூடிக்கொண்டாள். மற்றக் கையால் மீனம்மாளின் தோளைப் பிடித்து, பட்டறைக்கு முதுகு காட்டித் திருப்பி, குளத்தூர் பக்கமாக நடக்கத் தொடங்கினாள்.