அளவுக்கு ஒரு ஆள்

காமிராத் திரையில் ஒரு சின்னப் பச்சைக் கட்டம் தோன்றியது. மனித முகத்தைக் கண்டால் மட்டும் அது போடும் கட்டம். ஆனால் திரையில் முகம் எதுவும் இல்லை. அவன் மனைவி தரிசு நிலத்தின் நடுவே, சிவப்பு மழைக்கோட்டில், முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். கட்டம் அவளுடைய பின்னந்தலைமேல், பின்னல் தொடங்கும் இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

முகத்துக்கும் பிடரிக்கும் வித்தியாசம் தெரியாத சனியன் என்று முணுமுணுத்தபடி அந்த வசதியையே அணைத்தான். யோசிக்கிற நேரமா இது? மாலை நாலு மணிதான், ஆனாலும் அடிவானத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அடைத்துக்கொண்டு மேகம் வந்துகொண்டிருந்தது; அடிப்பாகம் அரிவாளால் சீவிவிட்டதுபோல ஒரே நேர்க்கோடு, அதற்குமேல் அடுக்கடுக்காகச் சுழன்று ஏறும் கறுப்பு, இடுக்குகளில் மட்டும் நாள்பட்ட காயத்தின் மஞ்சள். குருவிச் சத்தம் நின்று வெகுநேரமாகிவிட்டது. சாலையோர மின்கம்பிகள் மட்டும் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தன, மண்ணிலிருந்து துருப்பிடித்த இரும்பின் வாசனை எழுந்து தொண்டையில் ஒட்டியது. இப்படி ஒரு மேகத்துக்காகப் பதினோரு வருஷம் ஊர் ஊராக அலைந்திருக்கிறான்.

பிழைப்புக்கு அவன் எடுப்பது பாஸ்போர்ட் படம். முகவாயைத் தூக்குங்க, தோளை இறக்குங்க, சிரிக்காதீங்க. நாள் முழுக்க இதே பாட்டு. ஊரில் பாதிப் பேரின் முகம் அவன் கடை வழியாகப் போனதுதான். மேகம் மட்டும் ஆசைக்கு. வெறும் மேகத்தை எடுத்தால் அது எவ்வளவு பெரிது என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. கீழே ஒரு ஆள் நிற்க வேண்டும், பொடியாக, முதுகைக் காட்டி. அளவுக்கு ஒரு ஆள். அந்த ஆளுக்குச் சம்பளம் கிடையாது, ஏனென்றால் கட்டிக்கொண்டவள். பரிசு வாங்கிய படங்களுக்குக் கீழே அவன் பெயர் இருந்தது. அவள் முதுகு இருந்தது.

இன்று வரும் வழியில், காரை ஓட்டிக்கொண்டே அவள் சாதாரணமாகச் சொன்னாள். "நாளைக்கு அக்கா வீட்டுக்குப் போறேங்க. இனிமே அங்கதான். பெட்டி பின்னாடி இருக்கு." இவள் போய்விட்டால் வீட்டுக்குப் போய் யாரோடு பேசுவது என்ற பயம் சட்டென்று வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. போகாதே என்று சொல்ல வாயைத் திறந்தவன், "வெளிச்சம் போயிடும், கொஞ்சம் வேகமா ஓட்டு" என்றான். அவள் ஓட்டினாள்.

அவன் வேலை செய்யும் விதம் கொஞ்சம் பழைய காலத்து விதம். புழுதியும் தூறலும் படாமல் இருக்கக் காமிராவோடு சேர்த்துத் தன் தலையையும் கறுப்புத் துணியால் மூடிக்கொள்வான். உள்ளே இருட்டு, தன் மூச்சின் சூடு, வியர்வை நாற்றம், கைக்குட்டை அளவுக்குத் திரை. சட்டைப்பையில் போன், அவள் காதில் இயர்போன். வலது, இடது, தள்ளிப் போ. அவள் கேள்வி கேட்காமல் நகர்வாள்.

முதல் படத்தில் சரியாக இருந்தாள். இரண்டாவதில் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தாள்.

"ஏன் பக்கத்துல வந்தே?"

"நான் அசையவே இல்லையே."

"எனக்குக் கண்ணு இல்லையா? தள்ளிப் போ. ஐம்பது அடி."

பெருமூச்சு கேட்டது. பிறகு புல் உரசும் சத்தம். நின்றதும் அவன் அழுத்தினான். திரையில் அவள் இன்னும் பெரிதாகியிருந்தாள். கோட்டின் தையல் தெரிந்தது.

போகிற நாளிலும் மல்லுக்கு நிற்கிறாள் என்று அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கடைசிப் படத்தைக் கெடுத்துவிட்டுப் போனால்தான் இவளுக்குத் தூக்கம் வரும் போலிருக்கிறது.

"இன்னும் போ. நான் நிறுத்துன்னு சொல்ற வரைக்கும் போ."

"ஏங்க, மேகம் தலைக்கு மேலயே வந்துடுச்சு."

"அதுக்குத்தானே வந்தோம்?"

அவள் நடந்தாள். காலடிச் சத்தம் புல்லிலிருந்து சேற்றுக்கு மாறியது, சேற்றிலிருந்து கல்லுக்கு மாறியது. அவன் எண்ணிக்கொண்டே இருந்தான், நூறு, நூற்றைம்பது, இருநூறு அடி, பிறகு எண்ணிக்கை விட்டுப்போயிற்று. திரையில் சிவப்பு வளர்ந்துகொண்டே வந்தது. கால்கள் சட்டகத்துக்கு வெளியே போய்விட்டன. இடுப்புக்கு மேல் மட்டும். பின்னலின் மூன்று பிரியும் தனித்தனியாகத் தெரிந்தன.

"இங்க புல்லே இல்லைங்க," என்றாள். "மண்ணு சூடா இருக்கு."

அப்போதுதான் கவனித்தான். திரையில் புல்லெல்லாம் காற்றில் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. கோட்டின் ஓரம் அசையவில்லை. பின்னலில் ஒரு முடிகூடப் பறக்கவில்லை. அவள் அவன் பக்கம் திரும்பி நடந்து வரவும் இல்லை. முதுகைக் காட்டியபடியே, பின்பக்கமாகவே, நெருங்கியிருந்தாள்.

துணியை உதறிவிட்டு நிமிர்ந்தான்.

எதிரே யாரும் இல்லை. முள்கம்பி வேலி, தரிசு, படுத்த புல். தூரத்தில், வெகு தூரத்தில், மேகத்தின் நேர்க்கோடு தரையைத் தொடும் இடத்தில், தீக்குச்சித் தலை அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. அது நடந்துகொண்டிருந்தது. அவன் அனுப்பி வைத்ததுதான். படுபாவி, கண்ணால் ஒரு தடவை பார்த்திருக்கலாமே. துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு பெண்டாட்டியைக் கையால் பிடித்துத் தள்ளியதுபோல அங்கே தள்ளியிருக்கிறான்.

"நில்லு. போதும். திரும்பி வா."

"எந்தப் பக்கம்?"

"கார் இருக்கிற பக்கம்."

"கார் தெரியலைங்க. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கு."

ஓடிப்போய் ஹாரனை அழுத்தினான். உள்ளங்கை வலிக்க அழுத்தினான். விளக்கைப் போட்டான்.

"கேக்குதா?"

"கேக்குது. முன்னாடியும் கேக்குது. பின்னாடியும் கேக்குது." குரலில் முதல்முறையாக நடுக்கம். "எத்தனை கார் கொண்டு வந்தீங்க?"

வேலியைத் தாண்டிக் குதித்தான். முள் தொடையைக் கிழித்தது. ஓடினான். மழை அடிவானத்திலிருந்து சாம்பல் நிறச் சுவராக இறங்கியது, புள்ளி அதற்குள் போயிற்று. அதன்பின் சிவப்பு எங்கும் இல்லை. ஓட வேண்டிய திசையும் இல்லை. மூச்சு வாங்க நின்றான்.

"நாளைக்குப் போகாதே," என்றான் போனில். அழுதுகொண்டே சொன்னான். "கேக்குதா? போகாதே. நான் சொல்லியிருக்கணும். கார்லயே சொல்லியிருக்கணும்."

"நாளைய கதைய விடுங்க. நான் இப்ப எங்க இருக்கேன்னு சொல்லுங்க."

சொல்லத் தெரியவில்லை. அவளைக் காட்டக்கூடிய ஒரே பொருள் காமிராதான் என்று தோன்றியது. திரும்பி ஓடினான். ஓடும்போதே அவள் முகத்தை நினைக்கப் பார்த்தான், போலீசில் அடையாளம் கேட்பார்களே என்று. மூக்குத்தி இடதா, வலதா? கன்னத்தில் மச்சம் உண்டா? இன்று காலை தேநீர் கொண்டுவந்து வைத்தாள், அவன் செய்தித்தாளிலிருந்து நிமிரவில்லை. கடைக்கு வந்த யார் யார் முகமோ வரிசையாக வந்தது. அவளுடையது வரவில்லை. பிடரி வந்தது. பின்னல் வந்தது.

கறுப்புத் துணி பறந்து வேலியில் சிக்கியிருந்தது. ட்ரைபாட் அப்படியே நின்றது. எதிரே ஒன்றுமில்லை, வெறும் காற்று. ஆனால் நனைந்த ரப்பர் வாசனை. ஈரத் தலைமுடி வாசனை. கை நீட்டினால் எட்டும் தூரத்தில்.

அவன் கை நீட்டவில்லை.

திரையைப் பார்த்தான். முழுக்கச் சிவப்பு. நடுவில் பின்னல்.

"நிறுத்துன்னு சொல்றேன்," என்றான். "நில்லு."

"நின்னுட்டேங்க." போனில் காற்றின் இரைச்சல் அடங்கியிருந்தது. மழைச் சத்தம் இல்லை. அவள் ஒரு சின்ன அறைக்குள்ளிருந்து பேசுவதுபோலக் கேட்டது. "இங்க ஒண்ணும் தெரியலை. ஆனா நீங்க பக்கத்துலதான் இருக்கீங்க. மூச்சு விடுறது கேக்குது."

"திரும்பாதே."

"பதினோரு வருஷமா திரும்பாதேன்னுதானே சொல்றீங்க." அவள் சிரித்தாள், கசப்பாக, களைப்பாக, அவனுக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு. அது அவள்தான். அதில் சந்தேகமே இல்லை. "போதுங்க. இதோ திரும்பிட்டேன். இப்பவாவது மூஞ்சியை எடுங்க."

திரையில் தோள் மெல்ல நகர்ந்தது. சிவப்புக் கோட்டின் பக்கவாட்டு தெரிந்தது. கை தெரிந்தது. காது இருக்க வேண்டிய இடம் கடந்து போயிற்று.

முழுதாகத் திரும்பி, அவனுக்கு நேராக வந்து நின்றது. பொத்தான் இல்லை. கழுத்துக்குழி இல்லை. நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் வகிடு பிரியாத கறுப்பு முடி இழுத்து வாரப்பட்டு, கீழே, மார்பு இருக்க வேண்டிய இடத்தின்மேல், ஒரு பின்னல் தொங்கியது.

"எடுத்தாச்சா?" என்று போனில் அவள் கேட்டாள்.