பதினேழாம் வீட்டு ரத்தம்

குப்பி வெதுவெதுப்பாக இருந்தது.

பனிக்கட்டி நிறைந்த பெட்டிக்குள் மற்ற குப்பிகளோடு வீடு வீடாக இரண்டு மணி நேரம் மோட்டார் சைக்கிளில் குலுங்கி வந்த ரத்தம், இப்போதுதான் நரம்பிலிருந்து இறங்கியதைப் போல நமுகோசேயின் கையுறைக்குள் சூட்டைக் கடத்தியது. லேபிளில் 17 என்றிருந்தது. அந்த வீட்டுக்கு நர்ஸ் நமுகோசே இன்று போகவில்லை. அங்கே யாரும் இல்லை. மீனவன் கிருண்டா, அவன் மனைவி, ஏழு வயது மகள் மூவரையும் தூக்க நோய் கொண்டுபோய் இரண்டு மாதமாகிறது.

ஏரிக்கரையில் எல்லோரையும்தான் அந்த நோயைப் பரப்பும் ஈ கடிக்கிறது. சிலர் வருஷக்கணக்கில் நடமாடுகிறார்கள். சில குடும்பங்கள் ஒரே மழைக்காலத்தில் சாய்ந்துவிடுகின்றன. அப்படிப்பட்ட குடும்பங்களுக்குப் பரம்பரையாக என்ன வருகிறது என்று தேடுவதுதான் இந்த ஆய்வு. சேமித்து வைத்திருந்த கிருண்டா வீட்டு ரத்தம் தீர்ந்த அன்று பெரிய டாக்டரின் முகம் தொங்கிப்போனதை எல்லோரும் பார்த்தார்கள்.

டென்யுவாவும் பார்த்தான். ஆய்வகத்தில் குப்பிகளைச் சோதிப்பவன் அவன்தான்.

"உன் ரத்தத்தை ஊத்தி வச்சு டாக்டர்கிட்ட நல்ல பேரு வாங்கப் பாக்கறியா?" என்று நமுகோசே அவனிடம் கேட்டாள்.

பொரித்த மரவள்ளியை மென்றுகொண்டிருந்தவன் நிறுத்தினான். "எனக்கு ஊசியப் பாத்தாலே மயக்கம் வரும்க்கா. நீதான் தினமும் கொண்டு வர்றே. லேபிள்ல இருக்கறது உன் கையெழுத்து."

அவளுடைய எழுத்துதான். ஏழின் குறுக்கே அவள் போடும் அதே கோடு.

"நாலு நாளா வருது," என்றான் டென்யுவா குரலைத் தாழ்த்தி. "ரெண்டு தடவ சோதிச்சேன். அவங்களோடதுதான்."

அவள் நம்பவில்லை. பழைய ரத்தத்தை எங்கோ பதுக்கி வைத்திருக்கிறான். பூட்டிக் கிடக்கும் அந்த வீட்டைவிட நல்ல இடம் எது? கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று அப்போதே கிளம்பினாள்.

நாலு மணி வெயில் தகரக் கூரைகளில் கண்ணைக் கூசவைத்தது. மணலில் காயும் பொடிமீனின் வாடை வழியெங்கும் கூடவே வந்து, பதினேழாம் வீட்டு வேலியருகில் சட்டென்று நின்றுபோனது. அங்கே வேறு வாசனை. ஊசி போடுமுன் தோலில் தடவும் ஸ்பிரிட்.

கதவில் பூட்டு. துரு ஏறி இறுகியிருந்தது. வாசல் மணலில் ஒரு காலடித் தடமும் இல்லை.

"யாரு உள்ளே?"

ஜன்னல் பலகைகளுக்குப் பின்னால் நாற்காலி ஒன்று நகர்ந்தது. பிறகு இன்னொன்று. ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பவர்கள் வரிசையில் முன்னே நகர்வதுபோல.

அவள் பின்வாங்க நினைத்தாள்.

அதற்குள் பலகை இடுக்கில் ஒரு கை வந்தது. வலைக் கயிறு அறுத்த தழும்புகள். சட்டை முழங்கைக்கு மேலே மடிக்கப்பட்டிருந்தது. உள்ளங்கை மேலே திரும்பியது.

அதன் பக்கத்தில் இன்னொரு கை. கண்ணாடி வளையல்.

உள்ளிருந்து பெண் குரல் மெதுவாக வந்தது.

"முதல்ல சின்னவளுக்கு எடுத்துருங்க சிஸ்டர். பயப்படறா."

இரண்டுக்கும் நடுவில் ஒரு சிறு கை நீண்டது. நரம்பு புடைக்கட்டும் என்று விரல்களை இறுக மடக்கிக்கொண்டது.