விடாத பிடி

"யாரோ என் கணினி மாதிரியைக் கெடுத்துட்டாங்க!" என்றபடி பேராசிரியர் துப்பறிவாளரின் அறைக்குள் வந்தார். உட்காரச் சொல்லும் முன்பே உட்கார்ந்தும் விட்டார்.

தசை செல்லின் சுவரில் உப்பு நுழைய நுண்ணிய வாசல் ஒன்று உண்டு. அது ஒரு புரதம். சரியாக மூடாவிட்டால் இறுகிய தசை தளராது. அந்த வாசலைக் கணினியில் அணு அணுவாகக் கட்டியதாகத்தான் அவருக்குப் பேரும் புகழும். மறுநாள் நிருபர்கள் நிறைந்த அரங்கில் அதை இயக்கிக் காட்ட வேண்டும்.

"நேத்துதான் ஓட்டிப் பார்த்தேன். மூடவே மாட்டேங்குது. எல்லாம் என் பழைய உதவியாளர் வேலை. ஆறு மாசம் முன்னாடி துரத்திவிட்டேன்."

துப்பறிவாளரின் மச்சினிக்கு எதிலும் அவசரம். நோட்டில் 'குற்றவாளி: உதவியாளர்' என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டாள்.

ஆய்வுக்கூடக் கணினியின் பதிவு வேறு சொன்னது. ஆறு மாதம் முன்பு அதில் ஏறிய மாதிரிக் கோப்பை அன்றிலிருந்து யாருமே திருத்தவில்லை.

அடுத்து உதவியாளரின் வீடு. கதவைத் திறந்த அவளுடைய அண்ணன் சிரித்தபடி துப்பறிவாளரிடம் கை நீட்டினான். பிடித்த கையை விடவில்லை. துப்பறிவாளர் மனதுக்குள் எண்ணினார். பதினொன்றில்தான் விரல்கள் பிரிந்தன.

"தப்பா நினைக்காதீங்க சார். பிடிச்சா உடனே விட வராது. எங்க குடும்பத்துல மட்டும் இருக்கற கோளாறு."

உள்ளேயிருந்து வந்த தங்கையின் முகத்தில் சிரிப்பே இல்லை. "மாதிரி மூட மாட்டேங்குதா? ரொம்ப சந்தோஷம்."

"உங்க அண்ணனோட ரத்தத்துல செஞ்ச மரபணுப் பரிசோதனை அறிக்கையைப் பார்க்கலாமா?" என்றார் துப்பறிவாளர்.

மறுநாள், மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் எல்லோரையும் உட்கார வைத்தார்.

"கோப்பை யாரும் கெடுக்கல சார். வந்த அன்னிக்கே அப்படித்தான் இருந்துச்சு. எல்லாருக்கும் பொதுவான புரத வரிசையை வச்சுக் கட்டினதா கட்டுரையில எழுதியிருக்கீங்க. ஆனா அந்தப் புரதச் சங்கிலியோட ஆயிரத்து எண்ணூறு கண்ணியில ஒண்ணு மட்டும் வேற." அறிக்கையை மேசைமேல் வைத்தார். "இவர் ரத்தத்துலயும் அதே இடத்துல அதே மாற்றம். இவங்க குடும்பத்துக்கு வெளியில யாருக்குமே கிடையாது. இந்தப் பொண்ணு அண்ணனுக்காகக் கட்டினதை எடுத்துக்கிட்டு அவளையே விரட்டியிருக்கீங்க. எடுத்ததை ஒரு தடவைகூட ஒத்துப் பார்க்கல. முந்தாநாள் வரைக்கும் ஓட்டிக்கூடப் பார்க்கல."

மச்சினி சத்தமில்லாமல் அந்தப் பக்கத்தைக் கிழித்தாள்.

பேராசிரியர் உதவியாளர் பக்கம் திரும்பினார். "தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்?" அவள் ஆத்திரத்தோடு கேட்டாள். "மருந்து தேடத்தான் கட்டினேன். அண்ணன் மாடிப்படியில கால் இறுகி நிக்கும்போதெல்லாம் உங்களைத்தான் நினைச்சேன். நீங்க மேடை ஏறுற நாளுக்காகவே வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

நிகழ்ச்சி தொடங்க மணி அடித்தது. பேராசிரியர் பின்வாசல் பக்கம் நழுவப் பார்த்தார். அண்ணன் குறுக்கே வந்து கை நீட்டினான். "வாழ்த்துக்கள் சார்!"

பழக்க தோஷம், அவரும் கை கொடுத்துவிட்டார். அண்ணன் அப்படியே அவரை மேடைப் பக்கம் நடத்தினான்.

"விடுப்பா!"

"பிடிச்சா உடனே விட வராது சார்."

திரை விலகியது. மேடையில் உதவியாளர் மைக்கைக் கையில் எடுத்தாள்.

"மாமா, நாப்பது எண்ணிட்டேன்," என்று மச்சினி கிசுகிசுத்தாள். "பதினொண்ணுல விட்டுடும்னீங்களே?"

"எண்ணுறதை நிறுத்து," என்றார் துப்பறிவாளர். "இன்னிக்கு அவருக்கு விட மனசில்ல."